குறமகளின் உலையும் எண்ணூர்க் கழிமுகமும்: வேட்டை இறைச்சியின் மென்தீச் சமையல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வேட்டை இறைச்சி குறித்த வரலாற்றுச் சான்றுகள் பெரும்பாலும் வேட்டையாடியவரையும் உண்டவரையுமே பேசுகின்றன. சமைத்தவரைப் பேசுவது அரிது. பத்துப்பாட்டு, 1878இல் சென்னையில் வெளியான ஓர் ஆங்கிலச் சமையல் நூல், காட்டுயிர்ச் சட்டங்கள் ஆகிய மூவகைச் சான்றுகளை இக்கட்டுரை திருவொற்றியூர் – எண்ணூர் – பழவேற்காடு நிலப்பகுதியோடு இணைத்து நோக்குகிறது. சட்டம் விலக்கியது இறைச்சியை மட்டுமே. அதனை மென்மையாக்கும் சமையலறிவு வேறு இறைச்சிக்கு இடம்பெயர்ந்து நிலைத்தது என்பது இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: வேட்டை இறைச்சி, புழுக்கு, மலைபடுகடாம், பக்கிங்காம் கால்வாய், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்

முன்னுரை

கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அமைய, இவற்றிடையே நீளும் நிலத்தில் உள்ளது திருவொற்றியூர். அதன் வடக்கே கொசஸ்தலையாறு கடல்சேரும் எண்ணூர்க் கழிமுகமும், அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரியும் உள்ளன. வலசை வரும் வாத்தினங்களுக்கும் உள்ளான்களுக்கும் இந்நீர்நிலைகள் பனிக்கால உறைவிடங்கள். தெற்கே இருப்பது சென்னை மாநகரம். வேட்டைநிலத்துக்கும் நகரத்தின் அடுப்புக்கும் இடைப்பட்ட இப்பகுதியை, இறைச்சி எவ்வாறு உணவாயிற்று என்ற வினாவோடு அணுகலாம்.

வறையும் புழுக்கும்

இப்பகுதி பண்டைத் தொண்டை நாட்டைச் சார்ந்தது. அந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடியிருப்பில் விருந்தினர் பெறும் உணவாக நெற்சோற்றையும், நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியலையும் குறிக்கிறது. அப்பொரியலுக்கு நூல் தரும் பெயர் 'வறை'. கரிகாலனின் விருந்தைக் கூறும் பொருநராற்றுப்படையில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியும், 'புழுக்கு', 'வேவை' எனப்படும் வெந்த ஆட்டிறைச்சியும் தனித்தனியே வருகின்றன. உலர்ந்த வெப்பத்தில் பொரிப்பதற்கும் சுடுவதற்கும் ஈர வெப்பத்தில் வேகவைப்பதற்கும் வெவ்வேறு சொற்கள் அன்றே வழங்கின.

இவற்றுள் 'புழுக்கு' தனிக்கவனத்துக்குரியது. புழுங்கல் அரிசி, காற்றில்லாப் பொழுதின் புழுக்கம் ஆகியவை இதே வேரினின்று தோன்றியவை. ஈரத்தோடு வெளியேற வழியின்றி உள்ளடங்கிய வெப்பமே இச்சொற்களின் பொதுப்பொருள்.

இவ்வேறுபாட்டுக்கு இறைச்சியின் இயல்பே அடிப்படை. ஓடித் திரியும் காட்டு விலங்கின் தசையில் கொழுப்புக் குறைவு. இணைப்புத் திசு மிகுதி. அத்திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதம், ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட ஈர வெப்பத்தில் பல மணி நேரம் இருந்தாலே ஜெலட்டினாக இளகும். கடுந்தீ தசையின் நீரை வெளியேற்றி இறைச்சியை நாராக்கிவிடும். எனவே முதிர்ந்த விலங்கின் கால், தோள் பகுதிகளை உண்ணத்தக்கனவாக்குவது ஈரமும் மென்தீயும் பொறுமையுமே.

குறமகளின் உலை

வேட்டை இறைச்சி வீட்டில் சமைக்கப்பட்டதற்கு மலைபடுகடாம் தெளிவான சான்று தருகிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் அந்நூல், அவனது மலைச்சாரலின் குறவர் மனைகளில் கூத்தர் பெறும் உணவை விரித்துரைக்கிறது. கடமானின் கொழுத்த தசை, முள்ளம்பன்றியின் நிணம், நாய் துரத்திப் பிடித்த விலங்கின் இறைச்சி ஆகியவை அங்கு ஒன்றுசேர்கின்றன. புளியும் மோரும் கலந்த உலையில் மூங்கிலரிசி வேகிறது. சாரலெங்கும் மணக்கும்படி துழாவிச் சமைப்பவள் குறமகள். கூத்தரைப் போகவிடாமல் தடுத்து உண்ணச் செய்பவர் அம்மனையின் மக்கள்.

இப்பகுதி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, புளிப்பின் பயன்: புளியும் மோரும் காட்டிறைச்சியின் வீச்சத்தை அடக்குவதோடு, அமிலத்தன்மையால் இணைப்புத் திசு இளகவும் துணைசெய்யும். இரண்டாவது, சமைத்தவரின் இருப்பு. வேட்டைக்குரிய நாயும் உண்பதற்குரிய விருந்தினரும் இடம்பெறும் அதே காட்சியில், உலையைத் துழாவும் பெண்ணும் இடம்பெறுகிறாள். பிற்காலச் சான்றுகளில் இந்நிறைவு காணப்படவில்லை.

கால்வாயும் உணவு மேசையும்

பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் வெட்டுவித்த கால்வாய் 1806இல் சென்னையை எண்ணூரோடு இணைத்தது; பின்னர் அது பழவேற்காடு வரை நீண்டது. பஞ்ச நிவாரணப் பணியாக நகருக்குள் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டபின், 1878இல் அது ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. ஆங்கில அதிகாரிகள் ஓய்வுக்காகச் செல்லும் இடமாக எண்ணூர் விளங்கியது. நீர்ப்பறவை வேட்டை அவ்வோய்வின் ஒரு பகுதி.

அதே 1878இல் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்னும் நூல் சென்னையில் வெளியாயிற்று. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் அதை எழுதியவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட். ஆங்கில வீடுகளின் சமையற்கூடக் குறைகளையும், கூடார வாழ்வின் சமையலையும், சமையற்காரரை நடத்தும் முறையையும் அது விரிவாகப் பேசுகிறது. அந்நூலில் சமையற்காரருக்குத் தனிப்பெயர் இல்லை; அனைவரும் 'ராமசாமி' என்ற பொதுப்பெயருக்குள் அடங்கினர். அவர் கற்றுக்கொள்ள வேண்டியவராகவே பெரிதும் காட்டப்படுகிறார்.

ஆயின் கற்பிக்கப்பட்ட அடிப்படை முறை இம்மண்ணுக்குப் புதியதன்று. கலத்தின் மூடிமேல் தணலிட்டு மேலும் கீழும் வெப்பமூட்டும் ஐரோப்பியப் 'பிரெய்சிங்' முறையும், பிரியாணிக்குத் 'தம்' போடும் முறையும் ஒரே நுட்பத்தின் இரு வடிவங்கள். விறகடுப்பில் தணலை ஒதுக்கித் தீயைத் தணிக்கத் தெரிந்த கைகளே அதிகாரியின் மேசைக்கும் இறைச்சியைப் பக்குவப்படுத்தின. பெயர் பெற்றது நூலாசிரியர். பெயரற்றுப் போனது அக்கைத்திறன்.

சட்டமும் சட்டியும்

1887ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், இனப்பெருக்கக் காலத்தில் பறவைகளைப் பிடித்து விற்பதைத் தடுக்கும் விதிகள் இயற்ற நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. அதாவது, சட்டம் முதலில் எட்டியது நகரத்துச் சந்தைக் கூடையை. 1912ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குகளையும் சேர்த்து விலக்குக் காலங்களை விரிவாக்கியது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறுவேட்டை, பெருவேட்டை போன்றவற்றுக்கு உரிமங்களை அனுமதித்தது; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமமுறையை நீக்கியது. எயினர் விருந்தில் இடம்பெற்ற உடும்பு இன்று முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படும் உயிரினம்.

இத்தடையின் தேவை ஐயத்துக்கிடமற்றது. ஆனால் அதன் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. பொழுதுபோக்காக வேட்டையாடியவர் துப்பாக்கியை மாட்டிவைத்தால் போதுமாயிருந்தது. பறவை பிடித்தலையே வாழ்வாகக் கொண்ட நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களுக்குத் தொழிலே குற்றமாயிற்று. அச்சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். மறுபுறம், நீர்ப்பறவைகளின் வாழிடம் தொழிற்சாலைகளாலும் சுருங்கியது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. சட்டிக்குள் சென்ற பறவையைச் சட்டம் கணக்கிட்ட அளவுக்கு, சேற்றில் இழந்த வாழிடத்தைக் கணக்கிடவில்லை.

இடம்பெயர்ந்த முறை

இறைச்சி விலக்கப்பட்டபின் சமையல்முறை என்னவாயிற்று? 1974இல் இந்தியாவுக்கு அறிமுகமான ஜப்பானியக் காடை, வேட்டைப் பறவையின் பெயரை உணவகப் பட்டியலில் நிலைக்கச் செய்தது. ஆனால் சில வாரங்களிலேயே விற்பனைக்கு வரும் அவ்விளங்குஞ்சுக்கு நெடுநேர வேக்காடு தேவையில்லை. எண்ணெயில் பொரித்தாலே போதும். முறை தங்கியிருப்பது வேறிடத்தில்: ஆட்டுக்கால் பாயாவிலும் முதிர்ந்த நாட்டுக்கோழிக் குழம்பிலும். எலும்பும் சவ்வும் நிறைந்த ஆட்டுக்கால், கடமானின் தசைக்குத் தேவைப்பட்ட அதே ஈர வெப்பத்தையும் நேரத்தையும் கேட்கிறது. ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் வேகவைக்கும் அழுத்தக் கலன் அந்நேரத்தைச் சுருக்கியதேயன்றி, முறையின் தத்துவத்தை மாற்றவில்லை.

முடிவுரை

வேட்டையின் பெயர் காடையில் எஞ்சியது. வேட்டைச் சமையலின் அறிவு ஆட்டுக்காலில் எஞ்சியது. உணவு வரலாற்றை உண்ட பொருளின் பெயரைக் கொண்டு மட்டும் எழுதினால் இரண்டாவது தொடர்ச்சி கண்ணுக்குப் புலப்படாது. புழுக்கு, வேவை, தம் ஆகிய வினைமுறைகளைக் கொண்டு எழுதும்போதே சமைத்தவர் வரலாற்றுக்குள் வருகிறார். மலைபடுகடாம் குறமகளுக்கு அளித்த இடத்தைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் அடுக்களைகளில் உழைத்தவர்களுக்கும் அளிக்க, வாய்மொழி வரலாறும் சமையற்சொல் தொகுப்பும் உடனடியாகத் தொடங்கப்பட வேண்டும். விறகடுப்பின் தணலைக் கையாண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.