ஈரமில்லாச் சவரம்

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாவது வாரம். காலை ஏழு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். "ரத்தம் நிக்கவே மாட்டேங்குடா" என்றாள். பதறிப்போய்க் கேட்டால் பெரிய விபத்தெல்லாம் இல்லை. சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே பிளேடு பட்டு ஒரு சின்னக் கீறல். ஐம்பது வருடமாகப் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தேய் தேய்த்தால் நின்றுவிடுகிற கீறல்தான். அன்று அரைமணி நேரத்துக்கு மேல் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். உலோக வால்வு பொருத்தியவர்கள் ஆயுள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிற மாத்திரைக்கு, கட்ட வேண்டிய இடம் எது, கூடாத இடம் எது என்று தெரியாது.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "இனிமே பிளேடு வேண்டாம். நல்ல எலக்ட்ரிக் ஷேவரா வாங்கிக் கொடுங்க."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் இது என் பேட்டை. பத்து வருட மென்பொருள் வேலையில் ஒவ்வொரு ஆன்சைட் பயணமும் ஒரு ஷேவரோடுதான் முடிந்திருக்கிறது. நெதர்லாந்து போனபோது பிலிப்ஸ் எஸ்9000 பிரெஸ்டீஜ், ஜெர்மனியில் பிரவுன் சீரிஸ் 9, டோக்கியோவிலிருந்து வந்த சக ஊழியர் மூலம் பானசோனிக்கின் ஐந்து பிளேடு ஆர்க்5. ஒவ்வொன்றும் நல்ல கைப்பேசியின் விலை. எது நன்றாக வழிக்கிறது என்று எக்செல் தாளில் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தாளை அப்பாவுக்காகத் திறந்தபோதுதான், அதில் ஒரு பத்தியே இல்லாதது கண்ணில் பட்டது. "வெட்டுமா?" என்ற கேள்வியை நான் கேட்டிருக்கவே இல்லை. ஆனால் இந்தக் கருவி பிறந்த கதையைத் தேடிப் படித்தபோது, அதுவும் ரத்தத்தைப் பற்றிய கவலையில் பிறந்ததல்ல என்று தெரிந்தது. அது பிறந்தது தண்ணீர் உறைந்துபோன ஓர் இடத்தில்.

*

ஜேக்கப் ஷிக் அமெரிக்க ராணுவ அதிகாரி. 1877இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். பிலிப்பைன்ஸில் பணியாற்றி உடல்நலம் கெட்டுப்போனதால், குளிர் பிரதேசம் நல்லது என்று அலாஸ்காவுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ராணுவத்தின் தந்திக் கம்பிகள் இழுக்கும் வேலை. 1910இல் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் தங்கம் தேடி அலைந்தார். அப்படி அலைந்தபோது ஒருமுறை கணுக்கால் சுளுக்கி, முகாமிலேயே முடங்கிக் கிடக்க நேர்ந்தது. வெளியே மைனஸ் நாற்பது டிகிரி. முகம் வழிக்க வேண்டுமென்றால் முதலில் பனிக்கட்டியை உருக்க வேண்டும். தண்ணீரும் நுரையும் இல்லாமல் சவரம் செய்ய ஒரு கருவி இருந்தால் என்ன என்ற யோசனை அங்கே வந்தது. வரைபடம் போட்டு உற்பத்தியாளர்களுக்கு அனுப்பினார். யாரும் சீந்தவில்லை.

அப்போது சவர உலகம் கிங் கேம்ப் ஜில்லெட்டின் கையில் இருந்தது. 1903இல் 51 ரேசர்களை விற்ற அந்த நிறுவனம் அடுத்த வருடமே 90,000 விற்றது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. பிடியை ஒருமுறை விற்று, பிளேடைக் காலமெல்லாம் விற்கும் வியாபாரம். ஷிக்கும் முதலில் அந்தச் சந்தைக்குள்தான் நுழைந்தார். துப்பாக்கியில் அடுத்தடுத்துத் தோட்டா ஏறுவதுபோல, கைப்பிடிக்குள்ளிருந்தே புது பிளேடு ஏறுகிற ரேசர் ஒன்றை 1926இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். நன்றாகவே விற்றது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம்: ஓடிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியில் தன் பங்கை விற்று, அந்தப் பணத்தை யாரும் சீந்தாத பழைய கனவில் போட்டார்.

முதல் மின் ஷேவர் தோல்வி. மோட்டார் தனியாக, வெட்டும் தலை தனியாக, நடுவே வளையும் தண்டு. ஒரு கையில் ஒன்று, மறு கையில் இன்னொன்று. ஒரே கையில் அடங்கும் வடிவத்தை 1931இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். இன்றைய மதிப்பில் ஐநூறு டாலரை ஒட்டி வரும். அதாவது, இன்று நாம் 'ஹை எண்ட்' என்று சொல்லும் விலையில்தான் மின் ஷேவர் பிறந்திருக்கிறது. அதுவும் எந்தக் காலத்தில்? பெருமந்தத்தின் உச்சத்தில், சூப்புக்கு மக்கள் வரிசையில் நின்ற வருடத்தில். முதல் வருடம் 3,000 விற்றது. 1937க்குள் விற்பனை பதினெட்டு லட்சத்தைத் தாண்டியது. அந்த வருடம் ஜூலையில் ஷிக் இறந்துபோனார். அதற்குள் சொத்தின் பெரும்பகுதியைப் பஹாமாஸ் கம்பெனிகளுக்கு மாற்றிவிட்டு, 1935இல் கனடியக் குடியுரிமையும் வாங்கியிருந்தார். ராணுவ அதிகாரிக்கு வரித்துறையிடமிருந்து பின்வாங்கவும் தெரிந்திருந்தது.

*

ஷிக்கின் கருவி அடிப்படையில் சலூனில் கிருதா வெட்டும் மெஷினின் தம்பி. நேர்க்கோட்டுப் பிளவுகளுக்குள் முடி நுழையும்; உள்ளே வெட்டி இடமும் வலமும் ஓடும். ஆனால் மோட்டார் சுற்றுகிற பொருள். அந்தச் சுற்றலை இட வல ஓட்டமாக மாற்றும் இடத்தில்தான் அதிர்வும் தேய்மானமும் வரும்.

சுற்றுவதைச் சுற்றவே விட்டால் என்ன என்று கேட்டவர் அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ். ஆண்ட்வெர்ப்பில் பிறந்த யூதர், பிலிப்ஸின் பொறியாளர், நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். பல்பும் ரேடியோவும் விற்ற பிலிப்ஸ், அவர் வடிவமைத்த ஒற்றை வட்டத் தலை ஷேவரை 1939 மார்ச்சில் உத்ரெக்ட் வசந்தக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. பதினான்கு மாதம் கழித்து ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஃபுக்ட் வதைமுகாமுக்குள்ளேயே பிலிப்ஸ் ஒரு பட்டறை நடத்த வேண்டிவந்தது; அங்கே வேலை செய்த யூதர்கள் இன்றியமையாத தொழிலாளர்கள் என்று ஃப்ரிட்ஸ் பிலிப்ஸ் வாதாடினார். அவர்களில் 382 பேர் உயிர் பிழைத்தார்கள். ஹோரோவிட்ஸும் அந்தக் காலத்தைத் தாண்டி வாழ்ந்து 1982இல் இறந்தார். அவருடைய ஒற்றைத் தலை 1950களில் இரண்டாகவும் 1960களில் மூன்றாகவும் ஆனது. அமெரிக்காவில் மட்டும் அதற்கு நோரெல்கோ என்று பெயர். பிலிப்ஸ் என்ற பெயர் தன் பெயர்போல ஒலிக்கிறது என்று ஃபில்கோ கம்பெனி வழக்குப் போட்டதன் விளைவு அது.

மூன்றாவது வழி ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தது. மேக்ஸ் பிரவுன் 1921இல் தொடங்கிய கம்பெனியும் ரேடியோ கம்பெனிதான். பிளவுகளுக்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு; அதன் அடியில் அதிரும் வெட்டித் தொகுதி. எஸ்50 என்ற அந்த ஷேவர் 1950இல் வந்தது. அடுத்த வருடமே மேக்ஸ் பிரவுன் மாரடைப்பில் இறந்தார். மகன்கள் எர்வினும் ஆர்தரும் பொறுப்பேற்று, 1955இல் டீட்டர் ராம்ஸ் என்ற இளம் கட்டிடக் கலைஞரை வேலைக்கு எடுத்தார்கள். பிரவுன் என்றால் வடிவமைப்பு என்ற பெயர் அந்தக் காலத்தில் வந்ததுதான். 1962இல் வந்த 'சிக்ஸ்டன்ட்' மங்கிய கறுப்பு நிறத்தில், ஹான்ஸ் குகெலோட்டும் கெர்ட் ஆல்ஃபிரட் முல்லரும் வடிவமைத்தது. தகட்டில் துளை போடுவதற்குப் பதில், அறுகோணத் துளைகளோடே தகட்டை மின்னாற்பகுப்பில் படியவைத்து வளர்த்தார்கள். ஆறுமூலையிலிருந்துதான் பெயர்.

1967இல் பிரவுனின் பெரும்பங்கை வாங்கியது யார் தெரியுமா? ஜில்லெட். பிளேடு கம்பெனி, பிளேடை ஒழிக்க வந்த கம்பெனியை விலைக்கு வாங்கியது. எதிரியை வாங்கினார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டு பேருடைய வியாபாரமும் ஒன்றுதான். பிரவுனின் வெட்டும் தலையைப் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பானசோனிக்கில் வெளித்தகடு ஒரு வருடம், உள்பிளேடு இரண்டு வருடம். கிங் கேம்ப் ஜில்லெட் எங்கேயும் போய்விடவில்லை.

*

இப்போது என் எக்செல் தாளுக்கு வருகிறேன்.

பிளேடு தோலின் மேலேயே ஓடுகிறது. மின் ஷேவரில் தோலுக்கும் வெட்டிக்கும் நடுவே எப்போதும் ஓர் உலோகச் சுவர் உண்டு. நல்ல ஃபாயிலின் தடிமன் 0.05 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், ஒரு தாடி முடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனாலும் அது பூஜ்யம் அல்ல. அந்தச் சுவரை மெலிதாக்கிக்கொண்டே போவதுதான் எழுபது வருடப் போட்டி. சுவர் மெலிய மெலிய சவரம் நெருக்கமாகும்; அதே அளவுக்குத் தகடு நலிவடையும். கீழே போட்டு ஒடுங்கிய தகடு, கிழிந்த தகடு, இவை தோலைக் கீறும்.

பானசோனிக் இந்தப் போட்டியில் வேகத்தின் பக்கம். சுற்றும் மோட்டாரையே தூக்கிவிட்டு, காந்தப்புலத்தில் நேராக முன்னும் பின்னும் ஓடும் லீனியர் மோட்டார். நிமிடத்துக்கு 14,000 ஓட்டம். ஹிகோனே ஆலையில் தயாராகும் பிளேடுகளுக்குச் சாமுராய் வாளின் பரம்பரையைச் சொல்லித்தான் விளம்பரம். நெருக்கத்துக்கு என் தாளில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். வால்டூர்னில் தயாராகும் பிரவுன் நிதானம். இரண்டு நாள் தாடியையும் படுத்துக்கிடக்கும் முடியையும் நடுவிலுள்ள வெட்டிகள் தூக்கி எடுக்கும். பிலிப்ஸின் வட்டத் தலைகள் கழுத்தில் கெட்டி. கழுத்து முடி ஒரே திசையில் வளராது. வட்டத்துக்குத் திசை கிடையாது. சத்தமும் குறைவு.

பிலிப்ஸின் டிராக்டன் ஆலையைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். 2012இல் நியூயார்க் டைம்ஸில் ஜான் மார்க்காஃப் எழுதிய கட்டுரையில் வந்தது. அங்கே 128 ரோபோ கைகள் ஷேவர்களைப் பூட்டிக்கொண்டிருந்தன. அதே கம்பெனியின் சீன ஆலையில், ஜூஹாயில், நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் கையால் பூட்டிக்கொண்டிருந்தார்கள். என் மேசை மேல் இருக்கும் கருவியைத் தொட்ட கடைசி மனிதன் அநேகமாக நான்தான் என்ற எண்ணம் அதற்கப்புறம் போகவில்லை. எங்கள் ஊர்க் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் மோவாயைப் பிடித்து நிமிர்த்துகிற விரல்களும் நினைவுக்கு வந்தன. கீழ்ச்சாதி என்று ஊர் தள்ளிவைத்த விரல்கள். ஆனால் ஊரின் கழுத்தெல்லாம் வாரம் ஒருமுறை அந்த விரல்களை நம்பித்தான் நிமிர்ந்தது.

*

தாளில் 'மென்மை' என்று புதுப் பத்தி சேர்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா மெலிந்து, கழுத்துத் தோல் தொங்கிவிட்டது. கணக்கு வட்டத் தலையைச் சொன்னது. புதிதாக ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டுபோனேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவுல?" என்றார். பாதி விலை சொன்னேன். அதற்கே, "ஆயுசுக்கும் கடைக்குப் போயிருக்கலாமே" என்றார்.

முதல் சிக்கல் ஷிக் எதிர்பார்க்காதது. தண்ணீர் உறைகிற ஊருக்காகப் பிறந்த கருவி, திருநெல்வேலியில் சித்திரை மாதக் காலையில் வியர்வையில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, கன்னத்தில் டால்கம் பவுடர் பூசினேன். குளித்தபின் செய்துதான் அவருக்குப் பழக்கம். இதற்குக் குளிக்கும் முன்பே செய்ய வேண்டும். இரண்டாவது சிக்கல் நான் எதிர்பார்க்காதது. வட்டத் தலையைச் சிறுசிறு வட்டமாகச் சுற்ற வேண்டும். அவர் கை சுற்ற மறுத்தது. ஐம்பது வருடம் மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே இழுத்த கை. "என்னல இது, மாவாட்டுத மாதிரி" என்று நான்காம் நாள் திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு ஒரு ஃபாயில் ஷேவர் வாங்கினேன். அது நேராகப் போகும், நேராக வரும். அவர் கைக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. என் தாளில் மென்மைக்கு இரண்டாம் இடம் வாங்கியது. அழுத்தாமல் பிடிக்க வேண்டும், வாரம் ஒருமுறை தகட்டை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஒடுங்கியிருந்தால் தொடவே கூடாது என்று மட்டும் சொன்னேன். தகடு பார்க்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை, வாரம் ஒருமுறை தகடு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலை அந்தச் சத்தம் கேட்டு எழுந்தேன். முடி சிக்கும்போது பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சுத்தமானதும் அது வெறும் ரீங்காரமாகிவிடும். கண்ணாடியே வேண்டாம், காதை வைத்தே முடித்துவிடலாம். ஆனாலும் அப்பா கண்ணாடி முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். முடித்ததும் குவளைத் தண்ணீரில் விரலை நனைத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

கண்ணாடிக்குக் கீழே பலகையில் படிகாரக் கல் அப்படியே இருந்தது. "இனி எதுக்குன்னு எடுத்து உள்ளே வச்சேன். மறுநாளே எடுத்துட்டு வந்து அங்கேயே வச்சிட்டாரு" என்றாள் அம்மா.