பல்லாவரத்துச் சரளைக்குழி

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் ஒரு வரி உண்டு. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார், இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அதிலிருந்து தொடங்கியது என்பது அதன் சாரம். இரும்புலியூரிலும் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வளர்கிற பிள்ளைகள் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்கிறார்கள். பல்லாவரம் அவர்களுக்கு மூன்று ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற ஊர். அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது ஆளையும் கல்லையும் மட்டும் சொல்லி, கல் கிடந்த குழியை விட்டுவிடுகிறது. குழியை விட்டால் மிஞ்சுவது ஒரு வெள்ளைக்காரர் குனிந்து எதையோ எடுத்த கதை. ஃபூட்டின் சாதனை மண்ணடுக்கைப் படித்ததில் இருக்கிறது. கண்ட பொருளைக் கண்ட இடத்தோடு சேர்த்தே எழுதி வைத்ததில் இருக்கிறது. தென்சென்னைப் புறநகர் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டிய சொத்தும் இதுதான். நாம் பெற்றுக்கொண்டதோ அவருடைய பெயரை மட்டும்.

ஃபூட் 1834-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858 கடைசியில், 24 வயதில், இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்து வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது வேலை. கிணறு வெட்டிய இடம், ஓடை அறுத்த கரை, சாலைக்குச் சரளை தோண்டிய பள்ளம் என்று பூமி தன் உள்ளடுக்கைக் காட்டும் இடம் எதுவானாலும் நின்று பார்த்தாக வேண்டும். அவர் வந்த மறு ஆண்டே, 1859-இல், ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் பிரான்சின் சோம் நதிப் பள்ளத்தாக்குக்குப் போய், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடக்கும் சரளை அடுக்கிலேயே மனிதன் செதுக்கிய கல் ஆயுதங்களும் இருப்பதை உறுதி செய்திருந்தார்கள். மனிதனின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, தான் அளந்துகொண்டிருந்த செம்புறாங்கல் படிவங்களிலும் அதுபோல ஏதாவது இருக்குமா என்று ஃபூட் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். இன்று வீட்டு மனையை மேடாக்க லாரி லாரியாகக் கொட்டுகிறார்களே, ‘கிராவல்’ என்று, அந்தச் செஞ்சரளையின் உறவுதான் அவர் பார்த்த படிவம்.

தமிழோடும் அவருக்கு வீட்டளவில் தொடர்பு இருந்தது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவர். ஒருவர் மண்ணையும் மற்றவர் மொழியையும் அள்ளிச் சேர்த்த குடும்பம் அது. இருவரும் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கலாம்.

1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலில், சரளைக்காகத் தோண்டிய சிறு குழி ஒன்றிலிருந்து வெளியே கொட்டியிருந்த குவியலில், செதுக்கப்பட்ட ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. குழியை வெட்டியவர்கள் யாரோ, குவியலைக் கொட்டியவர்கள் யாரோ, அவ்வழியே போனவர் இவர், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தத் திடலில் எத்தனையோ ஆண்டுகளாகப் படைவீரர்கள் நடந்திருக்கிறார்கள், அதிகாரிகள் குதிரையில் போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் கற்கள் பட்டிருக்கும். கல் குவார்ட்சைட் என்னும் படிகப்பாறை. பல்லாவரத்து மலையோ கருநீலச் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வட்டாரத்துப் பாறைதான் போனது என்பதை வைத்து, தாமஸ் ஹாலந்து பின்னால் 1893-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். ஊர் மலையில் இல்லாத கல் ஊர்ச் சரளையில் ஏன் கிடக்கிறது, அதன் விளிம்பில் மாறி மாறிச் சில்லுகள் பெயர்ந்திருப்பது ஏன் என்ற இரண்டு கேள்விகளும் பாறை வரைபடம் தலைக்குள் இருப்பவருக்குத்தான் எழும்.

அதைவிட முக்கியமானது அவர் அடுத்து செய்தது. குழிக்கு வெளியே கிடந்த கல்லை வைத்துக்கொண்டு, அது அடுக்குக்குள் இருந்ததுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மேலிருந்து விழுந்திருக்கலாம், யாராவது போட்டிருக்கலாம். ஃபூட் இதை அறிந்திருந்தார். சக அளவையாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து தேடலைத் தொடர்ந்தார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-இல், சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தில் அவர்களுக்கு ஏராளமான கருவிகள் கிடைத்தன, செம்புறாங்கல் சரளையின் உள்ளே பதிந்திருந்தவை உட்பட. பல்லாவரத்துச் சந்தேகம் அங்கேதான் சான்றாக மாறியது. 1866-இல் சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் எந்தெந்த இடத்தில், எந்த அடுக்கில் கருவிகள் கிடைத்தன என்று ஊர் ஊராகப் பதிவு செய்கிறது. இந்தப் பொறுமையை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

அதே 1863-ஆம் ஆண்டு நைல் நதியின் பிறப்பிடமான ஏரியைக் கண்டேன் என்று ஜான் ஸ்பீக் லண்டன் திரும்பினார். பர்ட்டன், ஸ்பீக், லிவிங்ஸ்டன் என்று ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக்குள் போன பெயர்களை ஐரோப்பா கொண்டாடிய காலம். அங்கே பெருமை தூரத்துக்கு. எவ்வளவு தொலைவு போனார், யாரும் போகாத இடமா என்பதே அளவுகோல். நைலின் பிறப்பிடமே ஆண்டுக்கணக்கில் சச்சரவானது, ஸ்பீக் அளந்தது போதாது என்பதால். ஃபூட் நின்ற இடமோ கண்டோன்மெண்ட் திடல், தினமும் நூறு பேர் மிதிக்கிற மண். அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் போனதற்கு அதுவே காரணம். ஆனால் மனித வரலாற்றைப் பின்னுக்குத் தள்ளியதில் அந்தச் சிறு குழி எந்த ஏரிக்கும் குறைந்ததல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் பின்னால் கிடைத்த, சுமார் 17 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள கைக்கோடரிகளும் சென்னை வட்டாரத்துக் கைக்கோடரிகளும் ஒரே தொழில்மரபில் வைத்து ஒப்பிடப்படுகின்றன. ஆப்பிரிக்காவையும் தொண்டை மண்டலத்தையும் ஒரு சரட்டில் கோத்தவை நடைபயணிகளின் டைரிகளல்ல, இந்தக் கற்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நிலவியல் அளவைத் துறை யாருக்காக? 1851-இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் அது வேரூன்றியது நிலக்கரி தேடத்தான். ஃபூட்டும் தார்வார்ப் பாறைகளில் தங்கம் தேடிய அரசு ஊழியர்தான். பல்லாவரத்துக் குழியை வெட்டிய கூலியாட்களின் பெயர் எங்கும் இல்லை. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அரசின் வருமானத்துக்காகக் கொடுக்கப்பட்ட குதிரையும் கூடாரமும் ஆட்களும் இல்லாமல் அவர் இந்தக் கற்களைச் சேர்த்திருக்க முடியாது. ஆனாலும் அவருடைய வேலையைத் தள்ளிவிட இது போதுமா என்று கேட்டால், போதாது. நாற்பது ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் சேர்த்த கருவிகளின் பெருந்தொகுப்பு 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. லண்டனுக்குக் கப்பல் ஏறிய எத்தனையோ தொகுப்புகளைப் போல அது போய்விடவில்லை. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் கிடைத்தது என்று சொல்லும் விளக்கப் பட்டியல், 1912-இல் அவர் இறந்த பிறகு, 1914-இல் அச்சானது. எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்தில் இன்று ஒரு மாணவி அந்தக் கற்களை எடுத்துப் பார்த்து, அவை வந்த ஊர்களுக்கே போய் மறுபடி தேட முடியும். ஆட்சி போனது, பயன் இங்கே இருக்கிறது.

இன்னொரு மறுப்பு, ஊர் மக்களுக்கு இந்தக் கற்கள் முன்பே தெரியும் என்பது. உண்மைதான். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள், புதிய கற்காலத்து வழவழப்பான கோடரிகள் உழும்போது அகப்பட்டால் எடுத்துப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கினார்கள். கல் சாதாரணக் கல் இல்லை என்று உணர்ந்த கண் அது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோயிலுக்கு வந்து சேர்ந்த கல், தான் கிடந்த வயலை மறந்துவிடுகிறது. எந்த ஆழத்தில், எந்த மண்ணில், பக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. மதிப்பு ஒன்று, வரலாறு வேறு. அவர்கள் கல்லுக்கு மதிப்பைக் கொடுத்தார்கள். அதற்கு வரலாறு கிடைக்க இடத்தின் பதிவு தேவைப்பட்டது.

மூன்றாவதாக, ஃபூட் தவறினாரே என்று கேட்கலாம். தவறினார். கடற்கரையோரச் செம்புறாங்கல் கடலடியில் படிந்தது என்று முதலில் எண்ணினார், அந்த எண்ணம் பிறகு நிற்கவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவில் ஆளில்லாத நீண்ட இடைவெளி இருந்தது என்றும் கருதினார். அதையும் பின்வந்த ஆய்வு ஏற்கவில்லை. பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள் மாட்டுச் சாணம் எரிந்ததால் உண்டானவை என்று அவர் சொன்னது பல பத்தாண்டுகள் கழித்து உறுதியானது. சரியோ தவறோ, சோதித்துப் பார்க்க வழி வைத்துவிட்டுப் போனார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். கற்கருவிகளில் அண்டக்கதிர்கள் உண்டாக்கிய அணுக்களையும் மண்ணின் காந்தத் திசையையும் அளந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். 2018-இல், இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது என்றும் காட்டினார்கள். ஃபூட் இடத்தைக் குறித்து வைத்திருந்தார், இடமும் அப்படியே இருந்தது. அதனால்தான் ஒன்றரை நூற்றாண்டு கழித்து வயது பற்றிய கேள்வியைக் கேட்க முடிந்தது.

பல்லாவரத்துக் கல்லுக்கு அந்த வயதைச் சொல்ல முடியாது. பேச்சிலும் எழுத்திலும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள், ஊர்ப்பெருமை காரணமாக. ஆனால் வயது அளக்கப்பட்டது அதிரம்பாக்கத்துக் கருவிகளுக்கும் மண்ணுக்கும். பல்லாவரத்துக் கல் முதலிலேயே அடுக்கைவிட்டு வெளியே வந்துவிட்டது. அதைச் சுமந்திருந்த நிலத்தின்மீது கண்டோன்மெண்ட் கட்டடங்களும் ரயில் பாதையும் ஜிஎஸ்டி சாலையும் அருகே விமான நிலையமும் எழுந்துவிட்டன. இந்தியப் பழைய கற்கால ஆய்வின் முதல் கல், வயது சொல்ல முடியாத கல்லாகவே எழும்பூரில் இருக்கப் போகிறது. இதே பல்லாவரத்து மலைச்சரிவில் 1880-களின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். அவையும் இரும்புக்கால மக்கள் இங்கே புதைத்த இடங்களின் சிறு பகுதிதான். மீதி என்னவாயிற்று என்பது குவாரிகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் அடியில் கிடக்கிறது.

வீடு வேண்டாமா, சாலை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. நெருக்கிக் கட்டிய புறநகரில் பாதுகாப்பு என்ற பேரில் யாருடைய மனையையும் முடக்க முடியாது, முடக்கவும் கூடாது. இருக்கிற சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் வைக்கிறது. அறிவிக்கப்படாத செஞ்சரளைக்கு அதில் இடமில்லை. ஆனால் ஃபூட் எந்தக் குழியையும் நிறுத்தச் சொல்லவில்லை. வெட்டிய குழியைப் பார்த்தார், எழுதினார், போனார். இரும்புலியூரில் பாலத்துக்கும் அடுக்குமாடிக்கும் அடித்தளம் தோண்டும்போது பள்ளம் சில நாட்களாவது திறந்து கிடக்கும். அதற்குள் அதைப் பார்த்துப் பதிவு செய்ய ஒரு அரைநாள் போதும். தாம்பரம் மாநகராட்சி கட்டட அனுமதியோடு இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். 1937-லிருந்து தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்ற இடங்களின் மாணவர்களைக் கொண்டு செய்யலாம். பள்ளத்தின் சுவரை அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். செஞ்சரளை எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது, கீழே களிமண்ணா பாறையா, சரளைக்குள் உள்ளூர் மலையைச் சேராத படிகக்கல் இருக்கிறதா, இருந்தால் அதன் விளிம்பில் சில்லு பெயர்ந்த தடம் உண்டா என்று குறிக்க வேண்டும். பிறகு கான்கிரீட்டைக் கொட்டிக்கொள்ளட்டும்.