நாசரேத் வழிப் பாதையில் மீட்டர் பாதை டீசல் பயணியர் வண்டிகள்: ஒய்.டி.எம்.-4 எஞ்சினை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலி – திருச்செந்தூர் இருப்புப்பாதையில், நீராவிக் காலத்திற்கும் அகலப்பாதைக் காலத்திற்கும் இடையில் இயங்கியவை ஒய்.டி.எம்.-4 வகை டீசல் எஞ்சின்கள் இழுத்த பயணியர் வண்டிகள். இவ்வகை எஞ்சின்களின் ஓய்வுக்கு அவற்றின் முதுமையைவிட இருப்புப்பாதைக் கொள்கையே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நாசரேத், மீட்டர் பாதை, டீசல் எஞ்சின், ஒரே அகலப்பாதைத் திட்டம், பொன்மலை.

முன்னுரை

மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்திற்கு இருப்புப்பாதை வந்த ஆண்டு 1876. தாமிரபரணியின் கீழ்ப்பகுதி ஊர்களோ அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1923-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி – திருச்செந்தூர் மீட்டர் பாதை ஏறத்தாழ 61 கி.மீ. நீளமுடையது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் ஆகிய ஊர்களைக் கடந்து அது கடற்கரையை அடைகிறது. வைணவத் திருப்பதிகள், கிறித்தவக் கல்வி, மருத்துவ நிறுவனங்களால் வளர்ந்த நாசரேத், உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரி, இசுலாமியர் மிகுந்த காயல்பட்டினம், முருகன் தலமான திருச்செந்தூர் என்று பல்வேறு சமூகத்தாரை ஒரே வண்டியில் ஏற்றிச்சென்றது இப்பாதை. அதன் வரலாற்றில் பாதை திறக்கப்பட்ட 1923, அகலப்பாதையாகிய 2008 ஆகிய இரு ஆண்டுகளே முன்னிற்கின்றன. இவற்றிடையே அமைந்த டீசல் காலமும் தனித்து ஆராயத்தக்கது.

எஞ்சினின் தோற்றமும் அமைப்பும்

இந்திய இரயில்வேயின் பெயரிடும் முறைப்படி ‘ஒய்’ மீட்டர் பாதையையும், ‘டி’ டீசலையும், ‘எம்’ பயணியர், சரக்கு ஆகிய இருவகைப் பணிகளையும் குறிக்கும். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த இவ்வகை எஞ்சின்கள் 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தன. 1968 முதல் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலை இவற்றை உருவாக்கியது. ஏறத்தாழ 1,350 குதிரைத்திறனும் 72 டன் எடையும் கொண்ட இவ்வெஞ்சினின் எடை ஆறு அச்சுகளில் பகிரப்பட்டதால், ஓர் அச்சின் சுமை 12 டன் அளவில் நின்றது. இலகுவான தண்டவாளங்களைக் கொண்ட கிளைப்பாதைகளுக்கு இவ்வமைப்பு ஏற்றதாயிற்று.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நெடுந்தொலைவிலுள்ள தென்கோடியில் டீசலின் பயன் தெளிவானது. நீராவி எஞ்சினுக்கு வழிநெடுக நீர் வேண்டும். நெருப்பு மூட்டி அழுத்தம் ஏற்றப் பல மணிநேரம் ஆகும். டீசல் எஞ்சினுக்கு இவ்விரு தேவைகளும் இல்லை. இரு திசைகளிலும் ஓடவல்லதாகையால், பாதை முடியும் நிலையங்களில் அதனைச் சுழல்மேடையில் திருப்ப வேண்டியதில்லை; வண்டியின் மறுமுனைக்குக் கொண்டுசென்று இணைத்தால் போதும்.

ஓய்வின் காரணம்

வாரணாசியில் இவ்வகை எஞ்சின்களின் உற்பத்தி 1990 வரை தொடர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1992-இல், ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கியது. 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதைகளை 1,676 மி.மீ. அகலப்பாதைகளாக மாற்றுவதே அதன் நோக்கம். இந்திய இரயில்வேயின் கணக்கில் டீசல் எஞ்சினின் பணிக்காலம் 36 ஆண்டுகள். திருச்செந்தூர்ப் பாதை 2008-இல் அகலப்பாதையானபோது, இவ்வகையில் இறுதியாக உருவான எஞ்சின்களுக்கு வயது 18. அதாவது, பணிக்காலத்தில் பாதி மீதமிருக்கையிலேயே அவற்றுக்குரிய தண்டவாளங்கள் அகற்றப்பட்டன.

இம்முடிவை வலுப்படுத்தும் சான்றுகள் இரண்டு உள்ளன. முதலாவது, மீட்டர் பாதை நிலைத்த நீலகிரி மலைப்பாதையில், குன்னூர் – உதகமண்டலம் இடையே, இதே வகை எஞ்சின்கள் அகலப்பாதை மாற்றத்திற்குப் பின்னரும் பணியாற்றி வருகின்றன. பொன்மலைப் பணிமனையே அவற்றைப் பராமரிக்கிறது. இரண்டாவது, மீட்டர் பாதையைப் பயன்படுத்தும் வியட்நாம், மியான்மர் போன்ற நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து இவ்வகை எஞ்சின்கள் அனுப்பப்பட்டன. பாதை இருந்த இடங்களில் எஞ்சினும் வாழ்ந்தது என்பதை இவை காட்டுகின்றன.

பயனும் இழப்பும்

பாதை மாற்றம் வீண் என்று இதனால் கொள்ளுதல் பொருந்தாது. நாசரேத்தில் ஏறும் பயணி திருநெல்வேலியில் வண்டி மாறாமலே சென்னை செல்லும் வாய்ப்பு அகலப்பாதையால் நிலைபெற்றது. எனினும், மாற்றப் பணிகளின்போது வண்டிகள் நிறுத்தப்பட்டமையால், நாள்தோறும் கல்வி, மருத்துவம், வணிகம் கருதிப் பயணம் செய்தோர் பேருந்துகளை நாட வேண்டியதாயிற்று. நெடுந்தொலைவுப் பயணியின் ஆதாயத்திற்காகக் குறுந்தொலைவுப் பயணியும் விலை கொடுத்தார் என்பது கருதத்தக்கது.

முடிவுரை

ஒரு பொறியின் ஓய்வை அதன் தேய்மானத்தைக் கொண்டே விளக்குவது தொழில்நுட்ப வரலாற்றில் எளிதாக நேரும் பிழை. நாசரேத் வழிப் பாதையின் டீசல் பயணியர் வண்டிகள் நமக்கு உணர்த்துவது வேறு. நாடு தழுவிய ஒருமைப்பாட்டுக் கொள்கை ஒன்று, உழைக்கும் நிலையில் இருந்த எஞ்சினை அதற்குரிய பாதையிலிருந்து பிரித்தது. அகலப்பாதையில் வந்த டீசல் வண்டிகளின் இடத்தையும் மின்மயமாக்கம் பெற்றுவரும் இக்காலத்தில், கிளைப்பாதைகளின் டீசல் கால ஆவணங்களையும் பணியாளர் நினைவுகளையும் தொகுப்பது வட்டார வரலாற்று ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.