பதிவேட்டில் வரைந்த எல்லை: ஜப்பானியரும் வெளிநாட்டவரும்

ஜப்பானில் ஒருவர் ஜப்பானியரா வெளிநாட்டவரா என்பதை இரத்தமே தீர்மானிக்கிறது என்பது பரவலான கருத்து. 1899ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்பை அளவுகோலாக வைத்தது. 1985இல்தான் தாய்வழியும் அந்த அளவுகோலில் சேர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கருத்து சரியாகவே படும். ஆனால் இந்த எல்லை இடம்பெயர்ந்த தருணங்களை ஆராய்ந்தால், அதை நகர்த்தியதில் இரத்தத்தைவிடப் பதிவேட்டுக்கே பெரும்பங்கு இருந்தது புலப்படும். 'கோசெக்கி' எனப்படும் குடும்பப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் எங்கே இருக்கிறது என்பதே முதற்கேள்வி. அந்த இடத்துக்கு என்ன பொருள் என்பதை அவ்வப்போதைய அரசின் தேவை சொன்னது.

1910இல் கொரியாவை இணைத்துக்கொண்ட ஜப்பான், கொரியரைத் தன் பேரரசின் குடிமக்களாக்கியது. ஆனால் அவர்களின் பதிவேட்டைத் தனியே வைத்தது. 1925இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது, ஜப்பானில் வசித்த கொரிய ஆண்களும் அதைப் பெற்றனர். 1932இல் பாக் சுன் கம் என்ற கொரியர் டோக்கியோவில் வென்று நாடாளுமன்றத்தின் கீழவைக்கே போனார். போரில் தோற்றபின் காட்சி தலைகீழானது. 1945 டிசம்பரில் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் இல்லாதோரின் வாக்குரிமை நிறுத்தப்பட்டது. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாளான 1947 மே 2 அன்று, கொரியரை வெளிநாட்டவராகக் கருதிப் பதிவுசெய்ய ஆணை பிறந்தது. சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் 1952 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்தபோது, நாட்டிலேயே தங்கிவிட்ட சுமார் 6 லட்சம் கொரியரின் குடியுரிமை பறிபோனது. நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றவில்லை. அதிகாரி ஒருவரின் சுற்றறிக்கையே போதுமானதாக இருந்தது. எந்த நாடு வேண்டும் என்று அவர்களிடம் கேட்கவும் இல்லை.

இரத்தக் கோட்பாட்டை உடைக்கும் சான்று இதே நிகழ்வில் இருக்கிறது. கொரியரை மணந்து, கணவரின் பதிவேட்டுக்குப் பெயர் மாறிய ஜப்பானியப் பெண்களும் அன்று வெளிநாட்டவரானார்கள். ஜப்பானியரை மணந்து அவர்தம் பதிவேட்டில் சேர்ந்திருந்த கொரியப் பெண்களோ ஜப்பானியராகவே நீடித்தார்கள். 1961இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக ஜப்பானிய இரத்தம் என்றாலும், ஏட்டில் இடம் மாறியிருந்தால் அது செல்லாது!

பதிவேட்டின் கை வேலைவாய்ப்பு வரை நீண்டது. 1970இல் ஹிட்டாச்சி நிறுவனத்தில் ஜப்பானியப் பெயரில் தேர்வான கொரிய இளைஞர் ஒருவரால் குடும்பப் பதிவேட்டின் நகலைத் தர முடியவில்லை, வேலை ரத்தானது. அவர் ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்தவர். 1974இல் யோக்கோஹாமா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் கிடைத்த உரிமைகளில் சில போராட்டத்தாலும் சில வெளியழுத்தத்தாலும் வந்தவை. இந்தோசீன அகதிகளை ஏற்கும் நெருக்கடியில் ஜப்பான் அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்ததால், 1982இல் தேசிய ஓய்வூதியத்திலிருந்து குடியுரிமை நிபந்தனை நீங்கியது. அகதிகளுக்காகத் திறந்த கதவு வழியாகக் கொரியரும் உள்ளே வந்தனர் என்பது சற்றே வேடிக்கையான வரலாறு.

1990ஆம் ஆண்டை எடுத்துக்காட்டி இவ்வாதத்தை மறுக்கலாம். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தின்கீழ், பிரேசில், பெரு நாடுகளில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் மூன்றாம் தலைமுறை வரை வந்து தங்கவும் எந்த வேலையும் செய்யவும் வழி பிறந்தது. இது இரத்தத்துக்குத் தந்த சலுகை இல்லையா? தேர்வுமுறையில் இரத்தம் இருந்தது உண்மை; நோக்கம் ஆள்பற்றாக்குறையைத் தீர்ப்பது. 2007இல் ஜப்பானில் வாழ்ந்த பிரேசிலியர் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தனர். அடுத்த ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்து ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. 2009இல் வேலையிழந்த வம்சாவளியினருக்கு ஆளுக்கு 3 லட்சம் யென் தந்து ஊருக்கு அனுப்பியது அரசு. இதே தகுதியில் இப்போதைக்குத் திரும்பி வரக்கூடாது என்பது நிபந்தனை. உறவென்று அழைத்தவர்களை இப்படியா அனுப்புவது? கூலியாட்களுக்குத்தான் இப்படிக் கணக்கு முடிப்பார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அன்றாட வாழ்வில் ஏட்டை யார் பார்க்கிறார்கள், முகத்தைத்தானே பார்க்கிறார்கள்? ஹொக்காய்டோவின் ஒத்தாரு நகரில் ஒரு பொதுக்குளியல் விடுதி, ஜப்பானியக் குடியுரிமை பெற்றுவிட்ட, அமெரிக்காவில் பிறந்த ஒருவரையும் உள்ளே விட மறுத்தது. 2002இல் சப்போரோ நீதிமன்றம் அதை இனப்பாகுபாடு என்று தீர்த்தது. முகத்தால் இழுக்கப்படும் கோடு இருக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் முகத்தால் பிரித்தறிய முடியாத கொரியரையும் அந்தச் சமூகம் தலைமுறைகளாக விலக்கியதே, அது எப்படி? ஏடுதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு கோடுகளும் உண்டு. ஆயினும் உரிமையை அளந்து தந்தது ஏட்டுக் கோடுதான்.

2012 ஜூலையில் ஏட்டு முறையிலும் ஒரு மாற்றம் வந்தது. வெளிநாட்டவர் பதிவுமுறை ஒழிந்து, அவர்களும் ஜப்பானியரோடு ஒரே குடியிருப்போர் பதிவேட்டில் இடம்பெற்றனர். (ஆற்றில் தென்பட்ட தமா சான் என்ற கடல்நாய்க்கு 2003இல் யோக்கோஹாமா நகரின் ஒரு வட்டாரம் கௌரவக் குடியிருப்புச் சான்று கொடுத்தது, வரி கட்டியும் அந்தப் பதிவேட்டில் இடம்பெறாத வெளிநாட்டவர் அன்று கொதித்ததில் நியாயம் இருந்தது.) ஆனால் கோசெக்கி ஜப்பானியருக்கே உரியதாகத் தொடர்கிறது, ஜப்பானியரை மணந்த வெளிநாட்டவர், துணைவரின் ஏட்டில் திருமணக் குறிப்பாகவே காணப்படுகிறார். ஒரே இடத்தில் வாழ்வதை ஓர் ஏடு ஒப்புக்கொள்கிறது. உறுப்பினர் என்று மற்றொன்று ஒப்புக்கொள்ளவில்லை.

2024 இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் சுமார் 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 சதவீதம். 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில், ஜப்பானியருக்கே முதலிடம் என்று முழங்கிய சன்செய்த்தோ கட்சி 14 இடங்களில் வென்றது. நிரந்தரமாக வசிக்கும் வெளிநாட்டவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை தருவதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்றும், அது நாடாளுமன்றம் முடிவுசெய்ய வேண்டியது என்றும் உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஜப்பானிய நாடாளுமன்றம் அப்படியொரு சட்டத்தை நிறைவேற்றவில்லை.