அம்புலிப் பருவமும் மதியிறுக்கக் குழந்தைகளின் வளர்நிலை மதிப்பீடும்

காவிரிப் படுகையிலுள்ள வைத்தீசுவரன் கோயில் முருகன்மீது 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடியது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ். பிள்ளைத்தமிழின் பருவ வரிசை குழந்தை வளர்ச்சியைத் தழுவியது: சப்பாணியில் கைகொட்டல், வருகையில் தளர்நடை, அம்புலியில் நிலவை விளையாட அழைத்தல். பாட்டுடைத் தலைவன் இப்பருவங்களைத் தவறாது எய்துகிறான். எனினும் இது இலக்கிய மரபேயன்றி அளவுகோல் அன்று.

அம்புலிப் பருவத்தில் தாய், சேய், நிலவு என மூன்று உள்ளன. ஒருவர் சுட்டுவதை மற்றவர் உடன்நோக்கும் இத்திறனை உளவியல் ‘கூட்டுக் கவனம்’ என்கிறது. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தை 1943இல் லியோ கானர் விவரித்தார். 2001இல் வெளியான எம்-சாட் வினாநிரல், 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் சுட்டுதலையும் பெயரழைப்புக்குத் திரும்புதலையும் பெற்றோரிடம் வினவுகிறது. அது ஐயத்தை முன்கூட்டி உணர்த்தும், முன்னேற்றத்தை அளக்காது.

அறிவுத்திறன் குறைபாடுடையோர்க்கெனச் சென்னையில் உருவான வளர்நிலைத் திட்டமிடல் முறை, 18 துறைகளில் 360 செயல்களைக் கொண்டு குழந்தையின் இன்றைய நிலையை அதன் முந்தைய நிலையோடு ஒப்பிட வழிசெய்கிறது. மதியிறுக்கக் குழந்தைக்கும் இந்நெறியே பொருந்தும். பருவ வரிசையை எட்டாமை தோல்வியன்று. நேற்று நோக்காத நிலவை இன்று ஒருகணம் நோக்கினும் அது பதிவுக்குரிய முன்னேற்றமே.