தொப்பூர் இறக்கமும் சின்னக் கார்களும்

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். தருமபுரி கடல்மட்டத்துக்கு மேல் 450 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைச் சாலை சில கிலோமீட்டருக்குள் கொட்டித் தீர்க்கிறது. வளைவு, இறக்கம், பாலம், மறுபடி வளைவு. ஒரு காரில் புஷ் தேய்ந்திருந்தாலும் ஷாக் செத்திருந்தாலும் தருமபுரி டவுனுக்குள் தெரியாது. கணவாயில் கட்டமேடு தாண்டியதும் தெரிந்துவிடும்.

எனக்கு வீல் அலைன்மென்ட் தொழில். அப்பாவுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் தொழில். பட்டறை அதே இடம்தான். சாலைக்கு மட்டும் பெயர் மாறியது: அப்பா காலத்தில் ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, 2010க்குப் பிறகு நாற்பத்து நான்கு. சனிக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து சேலம், கோயம்புத்தூர் போகிற பையன்கள் போலோவையும் ஸ்விஃப்டையும் ஐ20 என் லைனையும் வாசலில் நிறுத்துவார்கள். “அண்ணா, வளைவுல இன்னும் ஒட்டிப் போகணும், என்ன பண்ணலாம்?” இந்தக் கேள்வி எங்கள் பட்டறைக்குப் புதிதல்ல. அப்பாவிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த கார்கள்தான் வேறு.

சாலையும் புதிதல்ல. அதியமான் பெருவழி என்று வெட்டிய மைல்கற்கள் இந்த மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன. நாவற்தாவளம் என்ற இடத்துக்கு இத்தனை காதம் என்று எழுதி, எழுத்துத் தெரியாத வணிகர்களுக்காக அந்த எண்ணைக் குழிகளாகவும் கல்லில் குடைந்து வைத்தார்கள். 1792இல் இந்தப் பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வரி நிர்ணயம் செய்ய வந்தார்கள். மேட்டு நிலத்துக்கும் சேலம் சமவெளிக்கும் நடுவில் படையும் பாரவண்டியும் போக நல்ல வழி இந்தக் கணவாய்தான். மாட்டுவண்டிக்கு ஏற்றம் கஷ்டம், இறக்கம் ஆபத்து. லாரிக்கும் இன்றுவரை அதே நிலைமை.

அப்பா தொழில் கற்றபோது சாலையில் ஓடியது அம்பாசடரும் பியட்டும். இரண்டுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங். டாக்ஸிக்காரர்களின் ஒரே கோரிக்கை, “மேஸ்திரி, ஒரு பட்டை ஏத்துங்க.” ஏழு பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். பட்டை ஏற்றிய வண்டி ஆள் இல்லாமல் வரும்போது பின்பக்கம் துள்ளும். துள்ளுகிற சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. இதை அப்பா எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் குறைவு.

அவருக்குப் பிடித்த தலைவலி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. 948 சிசி எஞ்சின், இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு, அன்றைய சாலையில் அழகான சின்னக் கார். டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கினார்கள். சந்துக்குள் ஒரே திருப்பில் திரும்பும். அதன் பின்சக்கர அமைப்புதான் விசேஷம். ஆக்ஸில் ஒரே கட்டையாக இருக்காது. இடதும் வலதுமாக இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பக்கத்தில் மட்டும் மடங்கும், சக்கரத்துப் பக்கம் மடங்காது. மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை செட். குண்டும் குழியுமான சாலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் இன்னொன்று அலுங்காது, ஆகவே சொகுசு. ஆனால் வண்டியின் பின்பக்கம் எழும்பினால் இரண்டு சக்கரங்களின் அடியும் உள்ளே ஒடுங்கிவிடும்.

பின்பக்கம் எப்போது எழும்பும்? இறக்கத்தில், வளைவின் நடுவில், பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால். எடை முழுவதும் முன்னால் ஓடும், பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் டயரின் ஓரத்தில் நிற்கும், வால் சுழலும். தொப்பூருக்கென்றே செய்து வைத்த கோளாறு. இதே மாதிரிப் பின்பக்கம் வைத்த அமெரிக்காவின் கோர்வேர் காரைத்தான் ரால்ஃப் நாடர் 1965இல் புத்தகம் எழுதிக் கிழித்தார். தருமபுரியில் அந்தப் புத்தகத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள். டிக்கியில் ஒரு மூட்டை அரிசி கிடந்தால் ஹெரால்டு ஒழுங்காக இறங்குகிறது என்பது மட்டும் ஓட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா அந்த மூட்டையின் வேலையைப் பட்டையிலேயே செய்தார். குறுக்குப் பட்டை செட்டைக் கழற்றி, ஒவ்வொரு பட்டையாகப் பழுக்க வைத்து, வளைவைக் கொஞ்சம் தட்டிக் குறைத்து, எண்ணெயில் விட்டுப் பதம் ஏற்றி மறுபடி கட்டுவார். வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் தாழும். சக்கரங்களின் மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்து நிற்கும். இப்போது பின்பக்கம் எழும்பினாலும் சக்கரம் நேராக நிமிர்வதோடு சரி, ஒடுங்குகிற எல்லைக்குப் போகாது. இங்கிலாந்தில் ஹெரால்டை ரேசுக்குத் தயார் செய்தவர்களும் இதையேதான் செய்தார்கள். கம்பெனி வேறு வழி பார்த்தது. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல், ஹெரால்டின் தம்பிதான். ஆனால் பின்னால் பழையபடி ஒற்றைக் கட்டை ஆக்ஸில். மெக்கானிக்குகளுக்கு நிம்மதி. எனக்கு என்னவோ அதில் ஒரு வருத்தம்.

கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கிற ஆசை தெற்கே பரவியதற்கு சோழவரம் காரணம். இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களையே கட்டினார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் டிராக் அவர் பெயரில்தான் ஓடுகிறது. 1990இல் சென்னை ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டது. சோழவரம் மட்டமான தளம். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் வண்டி எவ்வளவு தாழ்கிறதோ, ஸ்பிரிங் எவ்வளவு இறுகுகிறதோ, அவ்வளவுக்கு நேரம் குறையும். அங்கே பார்த்ததை ஊருக்குக் கொண்டுவந்து அப்படியே சாலைக் காரில் செய்தார்கள். கேடு அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கட்சி. ராலி ஓட்டியவர்களைப் பார்த்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அவர்கள் சக்கரம் நிறைய ஏறி இறங்க இடம் விடுவார்கள், பணத்தை ஷாக்கில் போடுவார்கள். தொப்பூரும் பென்னாகரம் – ஒகேனக்கல் மலைச்சாலையும் வத்தல்மலையும் ராலிக்குச் சொந்தம். சோழவரத்துக்கும் இவற்றுக்கும் உறவே கிடையாது.

இரண்டு உலகத்திலும் நன்றாக ஓடிய கார் ஒன்று உண்டு: பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபின். 1980களின் தொடக்கத்தில் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காருக்கு இந்தியப் பெயர். ஃபைபர் உடம்பு, 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர இயக்கம். மாருதி வந்ததும் கடையில் அது படுத்துவிட்டது. ரேசிலும் ராலியிலும் மட்டும் பேர் சொன்னது. காரணம் எளிது, எடையே இல்லை. எடை குறைந்தால் டயருக்கு வேலை குறைவு, பிரேக்குக்கு வேலை குறைவு. முன்னால் மேலும் கீழும் இரண்டு கை வைத்த நல்ல சஸ்பென்ஷன், பின்னால் சாதாரணப் பட்டை. பட்டையை வைத்துக்கொண்டே ஒரு கார் வளைவில் ஓட முடியும் என்று அப்பா அதைக் காட்டித்தான் வாதாடுவார்.

அந்த நாளில் அலைன்மென்ட் மிஷின் எங்களிடம் இல்லை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே டயரில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்ப்பார்கள். ஒரு கட்டையில் ஆணி அடித்து, ஆணி முனையைச் சுண்ணாம்பில் வைத்துச் சக்கரத்தை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினால் மயிரிழைக் கோடு ஒன்று விழும். இன்னொரு சக்கரத்திலும் அப்படியே. வண்டியை இறக்கி, நான்கு அடி முன்னும் பின்னும் தள்ளி நிறுத்தி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை டயருக்கு முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை டேப்பில் அளப்பார்கள். முன்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக வந்தால் டோ-இன் சரி. பின்சக்கரத்தோடு நேர் பார்க்க நூல் பிடிப்பார்கள். இப்போது நான் நான்கு சக்கரத்திலும் தட்டு மாட்டி கேமரா வைத்துக் கணினித் திரையில் பார்க்கிறேன். ரிம் நெளிந்திருந்தால் திரை ஒரு எண்ணைக் காட்டும், கை வேறொன்றைச் சொல்லும். அப்போது நான் சுண்ணாம்புக்கட்டியைத்தான் எடுப்பேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, 1993இல் ஜென். ஜென்தான் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கிடைத்த முதல் வேகமான ஹேட்ச்பேக். 993 சிசி அலுமினிய எஞ்சின், ஐந்து கியர், லேசான உடம்பு. அதற்கு வந்த டயர் 145 அகலம், 13 அங்குல ரிம். 165/65 போட்டால் மொத்த விட்டம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் கூடும். ஸ்பீடோமீட்டர் இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும், வளைவில் கார் வேறு காராகிவிடும். செலவழித்த காசுக்கு அதைவிடப் பலன் தந்த வேலை எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அதோடு நிற்கவில்லை. கேஸ் கட்டரில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று வெட்டுவது வழக்கமாயிற்று. மெக்பெர்சன் ஸ்ட்ரட் வைத்த காரில் லோயர் ஆர்ம் ஏறக்குறையப் படுத்திருக்கும், வெளிமுனை சற்றுக் கீழே. வண்டியைத் தாழ்த்தினால் அந்த முனை மேலே ஏறிக்கொள்ளும். வண்டி எந்த அச்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறதோ, அந்த அச்சு உடம்பு தாழ்ந்த அளவைவிட அதிகமாகக் கீழே போய்விடும். ஸ்பிரிங் இறுகியதில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடும். டை ராடின் கோணமும் கெட்டு, வளைவில் ஒரு பள்ளம் வந்தால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். ஷாக் அடி தட்டும். தட்டிய கணத்தில் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பார்க்க அழகு. தொப்பூர் பாலத்து இணைப்பில் மாட்டிக்கொண்டால் முழிப்பார்கள்.

வெளிநாட்டிலும் சின்னக் காருக்குப் பேர் வாங்கித் தந்தது மலைச்சாலைதான். 1959இல் வந்த மினிக்குப் பத்து அங்குலச் சக்கரம், ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அலெக்ஸ் மோல்டன் செய்த ரப்பர் கூம்பு. 1964, 1965, 1967 மூன்று வருஷமும் மான்டி கார்லோ ராலியில், பனி மூடிய ஆல்ப்ஸ் வளைவுகளில், பெரிய கார்களைத் தோற்கடித்தது. 1976இல் வந்த கோல்ஃப் ஜிடிஐக்கு 110 குதிரைசக்தி, எடை 810 கிலோ. 5,000 விற்றால் போதும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கினார்கள், லட்சக்கணக்கில் போயிற்று. நமக்கு அந்த வகை தாமதமாகவே வந்தது. 2001இல் பியட் பேலியோ 1.6 ஜிடிஎக்ஸ்: பெட்ரோலைக் குடிக்கும், ஆனால் இறக்கத்தில் அதைப் போல் நம்பிக்கை தந்த காரைப் பிறகு நான் ஓட்டவில்லை. 2016இல் போலோ ஜிடிஐ, 192 குதிரைசக்தி, நாட்டுக்கே 99 கார்தான், 25 லட்சத்துக்கு மேல் விலை. என் பட்டறைக்கு ஒன்று கூட வந்ததில்லை. 2021இல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்தே ஐ20 என் லைன் வந்தது. சாதா ஐ20யைவிட ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கம்பெனியே இறுக்கிக் கொடுக்கிறது. அளவாகத்தான் இறுக்கியிருக்கிறார்கள்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, தயாரித்தவர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு உடம்புக்கு வெளியே துருத்தும் ரிம்மும் வெட்டிய ஸ்பிரிங்கும் எங்கள் பக்கம் குறைந்தன. தொழில் போச்சு என்று புலம்பிய நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் நஷ்டமில்லை. சாலையில் ஓடுகிற காருக்குத் தேவையான வேலை முக்கால்வாசி அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே கிடக்கிறது.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் மரத்துப்போயிருக்கும், அதை வைத்துக்கொண்டு வேறு எதைச் செய்தும் புண்ணியமில்லை. அடுத்து லோயர் ஆர்ம் புஷ். கடப்பாரை போட்டு நெம்பினால் ஆடுவது கண்ணுக்கே தெரியும். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் ஜோடியாக மாற்றுவது. எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட்: கம்பெனி தரும் எல்லைக்குள்ளேயே முன்சக்கரத்தின் மேல்பக்கத்தை எவ்வளவு உள்ளே சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்து, இரண்டு பக்கமும் சமமாக வைத்து, டோவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். பாதிப் பேர் இந்த இடத்திலேயே திருப்தியாகிக் கிளம்பிவிடுவார்கள்.

மிச்சம் இருப்பது லாரிகள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் வருகிறவை. 2020 டிசம்பர் 12ஆம் தேதி, முன்னால் நடந்த ஒரு விபத்துக்காக இறக்கத்தில் வரிசையாக நின்றிருந்த கார்கள்மேல் சிமென்ட் லாரி ஒன்று வந்து ஏறியது. நிற்கிற காருக்கு எந்த சஸ்பென்ஷனும் உதவாது. இப்போது உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. அது முடிகிறவரை நான் பையன்களிடம் கேட்பது இரண்டு: பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய், இறக்கத்தில் எந்த கியரில் வருகிறாய். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. வண்டியைப் பட்டறைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு, பழைய ஆயிலை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவேன்.