உயிர் காத்த செல்லோ: அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ்

அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் 1925இல் பிறந்த யூதப் பெண் அனிதா லாஸ்கர். 1942இல் பெற்றோரை நாஜிகள் கொண்டுசென்று கொன்றனர். 1943 இறுதியில் அனிதா அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு, தமக்குச் செல்லோ வாசிக்கத் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். வயலினைவிடப் பெரிய அந்தக் கருவியை வாசிக்க முகாமின் பெண்கள் இசைக்குழுவில் அப்போது ஆள் இல்லை. அதுவே அவரைக் காப்பாற்றியது. கைதிகள் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வாயிலருகே அணிவகுப்பு இசை வாசிக்க வேண்டும். மனம் விரும்பி வாசித்த இசையல்ல அது.

பின்னர் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்ட அவரை 1945 ஏப்ரல் 15இல் பிரிட்டிஷ் படை மீட்டது. மறு ஆண்டு பிரிட்டனில் குடியேறினார். இங்கிலிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஜெர்மன் மண்ணை மிதிப்பதில்லை என்று பல்லாண்டுகள் உறுதியாக இருந்தவர், 1990களில் கச்சேரிக்காக அங்கு சென்றார். 2018 ஜனவரியில், 92 வயதில், ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே யூத வெறுப்பை எதிர்த்துப் பேசினார்.